அடித்தட்டு

எங்கள் வீட்டில் அப்பாவின் சம்பளத்தைப் பற்றிப் பேசியதைவிட அவருடைய மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். சம்பளம் மாதத்தில் ஒருநாள் வரும், அன்றைக்கே பங்கு பிரிந்து போய்விடும். சாப்பாடு தினமும் விடிவதற்குள் தயாராக வேண்டிய விவகாரம். 1985 வாக்கில், அப்பா வேலை பார்த்த தஞ்சாவூரில், ரயிலடிப் பக்கம் ஓட்டலில் அளவுச் சாப்பாடு 4 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் 100 ரூபாய். அப்பா கையில் வாங்கியது ஆயிரத்துச் சொச்சம். "பத்துல ஒரு பங்க எலையில போட்டுத் தின்னுட்டு, எலய மடிச்சி வெச்சிட்டு வருவீங்களா?" என்று அம்மா கேட்டாளாம். கேரியர் கட்டும் வழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியதாக அப்பாயி சொல்வாள்.

அந்த 100 ரூபாயும் அப்படியே மிச்சமாகிவிடும் என்று அம்மா ஏமாறவில்லை. மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் போட்ட கணக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அரிசி, குத்தகைக்கு விட்ட துண்டு நிலத்திலிருந்து வருவது; அதற்கு விலை போடவில்லை. காய்கறி, எண்ணெய், புளி, பால், விறகு எல்லாம் சேர்த்து 40. மீதி 60. அதில் 50 தபாலாபீசில் ஆர்.டி. பாக்கி 10 அப்பாவின் காபிக்கு. காபி 75 பைசா விற்ற நாளில் 10 ரூபாய்க்கு எத்தனை காபி வந்துவிடும்? ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. நடுவில் வரும் நாளில் ஆபீஸ் பானைத் தண்ணீர். விடியற்காலையில் அடுப்படியில் அவள் நின்ற இரண்டரை மணி நேரமும் அந்தக் கணக்கில் இல்லை. அரிசிக்கு விலை போடாததுபோல, அதையும் சொந்தச் சாகுபடியாக நினைத்தாளோ என்னவோ.

ஆர்.டி. 60 மாதம். முதிர்ந்து வந்தால் கேஸ் அடுப்பு வாங்குவது என்று திட்டம். அப்போதெல்லாம் கேஸ் இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பணம் சேர்வதற்கும் முறை வருவதற்கும் சரியாக இருக்கும் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். கேரியர் கட்டிச் சேர்க்கிற காசில், கேரியர் கட்டுகிற சிரமத்தைக் குறைத்துக்கொள்கிற யோசனை. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான நிதித் திட்டத்தை நான் எந்தப் பட்ஜெட்டிலும் பார்த்ததில்லை.

அதுவரைக்கும் விறகடுப்பும் உமியடுப்பும். ரைஸ்மில்லிலிருந்து உமி மூட்டை வரும். தகர அடுப்பின் நடுவில் உருட்டுக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கொட்டிக் கெட்டித்து, கட்டையை மெதுவாகத் திருகி உருவ வேண்டும். உருவும்போது கை நடுங்கினால் உமி சரிந்து குழி மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. இந்த வேலையை அம்மா முதல்நாள் ராத்திரியே முடித்துவைத்துவிட்டுத்தான் படுப்பாள். நாலு மணிக்கு எழுந்து பற்றவைத்தால், ஊதாமல் கொள்ளாமல் ஒரே சீராக எரியும். சோறு இதில். குழம்பும் பொரியலும் பக்கத்தில் விறகில். நான் பாயில் புரண்டுகொண்டே கேட்ட சத்தங்கள் எல்லாம் ஒரு வரிசையில் வரும். முதலில் கிணற்று ராட்டினம், அப்புறம் அரிசி களையும் சத்தம், அம்மியில் மிளகாய், கடைசியாகக் கடுகு. கடுகு வெடித்தால் ஆறு மணி என்று அர்த்தம். அப்பா அதைக் கேட்டுத்தான் சவரத்துக்கு உட்காருவார்.

ரயில் ஏழு மணிக்கு முன்னே பின்னே. ஒரு மணிக்குச் சாப்பிடுவார். ஆக, சமைத்தது ஏழு மணி நேரம் தாங்க வேண்டும். இந்த ஏழு மணி நேரத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் என்ன காய் வாங்குவது, எந்த மூட்டையைப் பிரிப்பது என்பதெல்லாம் நடந்தது. ருசி அப்புறம்தான்.

சோறு புழுங்கலரிசியாக இருக்க வேண்டும். பச்சரிசி ஆறினால் விரைத்துக்கொள்ளும். அதுவும் பழைய அரிசி. தை அறுப்பு முடிந்து வந்த புது நெல்லைக் குத்தினால் சோறு குழையும். சூட்டில் சாப்பிட அமிர்தம், கேரியரில் போனால் களி. அதனால் போன வருஷத்து ஐ.ஆர்.20 மூட்டை ஒன்று அப்பாவுக்கென்று தனியாகக் குதிருக்குப் பின்னால் நிற்கும். நாங்களும் அப்பாயியும் மாசி பங்குனியில் குழைந்த புதுச்சோறு சாப்பிடுவோம். அப்பாவுக்கு மட்டும் உதிரி உதிரியாகப் பழையரிசிச் சோறு. வடித்ததும் அதைத் தாம்பாளத்தில் கொட்டி விசிறியால் ஆற்றுவது என் வேலை. சூட்டோடு மூடினால் மூடிக்குள் வேர்த்து, நீர் சொட்டி, பன்னிரண்டு மணிக்கே வாடை வந்துவிடும்.

தேங்காய் கிடையாது. தென்னை வளராத வீடு தஞ்சாவூர்ப் பக்கம் ஏது, கொல்லையில் மூன்று மரம் நின்றது, ஆனாலும் கேரியருக்குத் தேங்காய் ஆகாது. கூட்டு, அவியல், பச்சடி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. கீரை கறுத்துப்போகும். வெண்டைக்காய் பிசுபிசுத்துக்கொள்ளும். அப்பளம் நமுத்துவிடும், அதற்குப் பதில் மோர்மிளகாய், அதுவும் காகிதத்தில் தனிப் பொட்டலமாக. உருளை, சேனை, வாழைக்காய், கொத்தவரங்காய் உசிலி, இவைதான் மாறி மாறி. சித்திரை வெயிலில் சாம்பாரையும் நிறுத்திவிடுவாள். பருப்புச் சேர்ந்தது எதுவும் நுரைத்துப்போகும். புளியை நன்றாகச் சுண்டவிட்ட வத்தக்குழம்புக்குத்தான் அப்போது மரியாதை. நல்லெண்ணெய் மேலே மிதந்தால் அதுவே மூடி என்பாள்.

தயிர்சாதம் தனிக் கலை. தயிரை ஊற்றிப் பிசைந்து அனுப்பினால் மத்தியானத்துக்குள் புளித்துப் பல் கூசும். சோற்றை இரண்டு கரண்டி கூடுதல் தண்ணீர்விட்டுக் குழைய வைத்து, மசித்து, காய்ச்சி இளஞ்சூடாக ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர். மூடிவைத்தால், ரயிலிலும் ஆபீஸ் அலமாரியிலும் கிடந்து ஒரு மணிக்குள் அதுவாகவே உறைந்திருக்கும். மார்கழியில் குளிருக்கு உறையாது. அப்போது பாலில் சூடு கொஞ்சம் அதிகம், தயிர் இரண்டு ஸ்பூன், கேரியர்மேல் ஒரு பழைய துண்டு. நடுச் சித்திரையில் அரை ஸ்பூன் போதும். அம்மா வேதியியல் படித்தவளில்லை, எட்டாவதோடு நின்றவள்.

முதலில் இருந்தது அப்பாயியின் சீதனப் பித்தளைக் கேரியர். தூக்கினாலே தோள் இறங்கும் கனம். பித்தளையில் புளி ஆகாது, களிம்பு ஏறிவிடும். உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். வருஷத்துக்கு இருமுறை ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். வேப்பமரத்தடியில் குழி பறித்து, துருத்தி வைத்து ஊதி, தட்டைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை ஒரு பொட்டு வைத்துப் பஞ்சால் ஒரே இழுப்பு இழுப்பார். மஞ்சள் தட்டு கண்ணெதிரே வெள்ளையாகும். நவச்சாரப் புகை மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே நாங்கள் அதை விட்டு நகரமாட்டோம். பிறகு அந்தக் கேரியரைக் கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் எடைக்குப் போட்டுவிட்டு, மேலே கொஞ்சம் காசு வைத்து, எவர்சில்வர் கேரியர் வந்தது. மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டிலும் அப்பாவின் இனிஷியலை வெட்டிக் கொடுத்தார்கள். பச்சையும் வெள்ளையுமாக அதற்கென்று அளவெடுத்து ஒயர்கூடை பின்னினாள் அம்மா. மேல்தட்டு தயிர்சாதம், நடுத்தட்டு பொரியல், அடித்தட்டு சோறும் குழம்பும்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்தைத் தெரிந்தவர்களுக்கு ரயில்வே கேட்டைத் தெரிந்திருக்கும். தஞ்சாவூர் நாகப்பட்டினம் சாலையை அது குறுக்கே வெட்டி நிறுத்தும். நெல்லும் அரிசியும் ஏற்றும் கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் நகர்ந்து பெட்டி கோத்துக்கொண்டிருக்க, இரண்டு பக்கமும் பஸ்கள் நிற்கும். பஸ்ஸை நம்பி ஆபீஸ் போகிறவன் கையெழுத்துப் போட முடியாது என்பது அப்பாவின் கட்சி. ரயில் என்றால் கேட் மூடினால் நமக்கு நல்லது. சீசன் டிக்கெட் பஸ் காசில் ஒரு சின்னப் பங்குதான். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் போட்ட பாதை அது. தென்னாட்டின் பழைய பாதைகளில் ஒன்று. மன்னார்குடிக்குப் பிரியும் கிளை மட்டும் எழுபதுகளில் மூடிப்போய், என் சிறுவயதில் புல் மண்டிக் கிடந்தது. 2011இல்தான் அதில் மறுபடி ரயில் ஓடியது.

ஒருமுறை கோடை விடுமுறையில் அப்பா என்னை ஆபீசுக்கு அழைத்துப்போனார். அக்காவுக்கு அம்மை, என்னைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதற்காக. பக்கத்து வீட்டில் மூடியோடு ஒரு கேரியர் தட்டு இரவல் வாங்கி வந்தாள் அம்மா. "புள்ள ஓட்டல்ல கேட்டா வாங்கிக் குடுத்துடாதீங்க" என்று வாசல்வரை வந்து சொன்னாள். கேட்பேன் என்று எனக்கே அப்போதுதான் தோன்றியது.

மீட்டர்கேஜ் பெட்டி. கரி எஞ்சின், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் தூள் விழும். பெட்டி முழுக்கச் சீசன் டிக்கெட் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் இன்ன இடம் என்று எழுதாத பட்டா. ஏறியதும் முதல் காரியம், கொக்கியில் கேரியரை மாட்டுவது. ஒயர்கூடை, மஞ்சள்பை, காக்கித் துணிப்பை, பழைய பாவாடையில் தைத்த பூப்போட்ட பை என்று கம்பி நெடுக ஆடிக்கொண்டிருக்கும். பையைப் பார்த்தே இன்னார் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். துண்டை நாலு பேர் முழங்காலில் விரித்துச் சீட்டு. கோவில்வெண்ணியில் ஒரு கை முடியும். கரிகாலன் பதினோரு வேளிரையும் இரண்டு மன்னர்களையும் வென்ற வெண்ணி அதுதான் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. அம்மாப்பேட்டை, சாலியமங்கலம். அதற்குள் கேரியர்களிலிருந்து வாசனை ஒன்றோடொன்று கலந்து பெட்டியே பசிக்க ஆரம்பித்துவிடும். யாரும் தொடமாட்டார்கள்.

பம்பாய் டப்பாவாலாக்களைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்கு முதலில் அந்த ஊர்ப் பெண்கள்மேல் பொறாமைதான் வந்தது, அம்மாவுக்காக. 1890இல் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கிவைத்த அந்த ஏற்பாட்டில் ஆபீஸ்காரன் முதலில் போகிறான், சாப்பாடு பிறகு போகிறது. நடுவில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் சமைக்கிறவளுக்கு. அவள் ஆறு மணிக்கு எழுந்தால் போதும், தேங்காய்கூட அரைக்கலாம். எங்கள் ஊரில் ஆளும் சோறும் ஒரே ரயிலில் போனார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிய பிறகு, எங்கள் பள்ளிக்கூடத்தில் தட்டேந்தி நின்ற பிள்ளைகள் மத்தியானம் ஆவி பறக்கச் சாப்பிட்டார்கள். அதே நேரத்தில் அரசாங்க உத்தியோகஸ்தர் ஆறின சோறு தின்றார்.

ஆபீஸ் பெயரும் துறையும் இங்கே வேண்டாம். உயரமான ஓட்டுக் கட்டடம், கட்டுக் கட்டாகக் கோப்பு, மேலே நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறி. ஒரு மணி அடித்ததும் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, மேலே செய்தித்தாள் விரித்து, ஏழெட்டுப் பேர் கேரியரைத் திறந்தார்கள். யாரும் தன்னுடையதைத் தான் சாப்பிடவில்லை என்பது எனக்கு அதிசயமாக இருந்தது. மூடிகளைத் திருப்பிப் போட்டு ஆளுக்கொரு கரண்டி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் உருளைக்கிழங்கு வறுவல் அப்பாவின் தட்டில் இரண்டு துண்டுதான் மிஞ்சியது. அவர் தட்டில் யார் வீட்டுக் கத்தரிக்காய் கொத்சோ, யார் வீட்டு எலுமிச்சைச் சாதமோ இருந்தது. "நீடாமங்கலத்து வத்தக்குழம்பு வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கையை நீட்டினார். அம்மாவை ஒருநாளும் பார்த்திராதவர்கள் அவள் கைப்பக்குவத்தைப் பற்றி என்னிடம் பேசினார்கள். உப்பு எந்தக் கிழமை கூடும், எந்தக் கிழமை குறையும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்கள்.

எல்லாம் சைவம். மேசையில் மூன்று பேர் வீட்டில் கறி மீன் உண்டு, எங்கள் வீடு அதில் ஒன்று. ஞாயிறு தவறாமல் எங்களுக்கு மீன். வெண்ணாற்றிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. தண்ணீர் வரும் மாதங்களில் கெண்டை, கெளுத்தி, வாய்த்தால் விரால். ஆனால் கேரியரில் மீன் போகக்கூடாது என்பது அப்பாயியின் சட்டம். "ஆபீசுல ஒரு மாதிரியாப் பாப்பாங்க." மீன் தின்கிற மூன்று பேரும் அங்கே மீன் தின்னாதவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். சிக்கனத்துக்காகக் கட்டிய கேரியர், மானத்துக்காகவும் கொஞ்சம் நடித்தது.

அப்பா பாதி சாப்பாட்டில் எழுந்தார். அடித்தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்திருந்தார். அதையும் மூடியில் ஒதுக்கியிருந்த உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வழக்கமாக நடப்பது என்று தெரிந்தது. நானும் பின்னால் போனேன்.

பின்தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துக் கல்படியில் கடைநிலை ஊழியர் ஒருவர் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். காலையிலிருந்து அவரை எல்லாரும் பேர் சொல்லி, வா, போ என்றுதான் கூப்பிட்டார்கள், சின்ன வயது டைப்பிஸ்ட் பையன் உட்பட. அவர் எல்லாருக்கும் சார் சொன்னார். தூக்கில் கெண்டைமீன் குழம்பு. மேலே செக்கச்சிவந்த எண்ணெய், நடுவில் ஒட்டு மாங்காய்த் துண்டு, கொட்டையோடு.

"தம்பியா சார்? ஒக்காருங்க தம்பி" என்று படியைத் துண்டால் தட்டிவிட்டார். அப்பா உருளைக்கிழங்கை அவர் தூக்கு மூடியில் வைத்தார். அவர் கரண்டி எடுக்கவில்லை. தூக்கையே அப்பாவின் பக்கம் நகர்த்தி, "நீங்களே போட்டுக்குங்க சார்" என்றார். பரிமாறும் கை தன் கையாக இருக்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கிறார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அப்பாவும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டு பிசைய ஆரம்பித்தார். வீட்டில் அம்மா பரிமாறும்போது அவர் இப்படிக் குனிந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "கெண்ட முள்ளு நெறைய, தம்பிக்கு உதுத்துக் குடுங்க" என்று அவர் சொல்ல, அப்பா முள் எடுத்து ஊட்டினார். குழம்பு அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது. சொல்லக் கூடாது, ஆனால் இருந்தது. மாங்காயின் புளிப்பு மீனுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

சாப்பிட்டு முடித்து, வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட நகர்த்தாத என் அப்பா, குழாயடியில் மண் போட்டு அடித்தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கழுவி மோந்து பார்த்தார். மறுபடி கழுவினார். "வீட்டுல சொல்ல வாணாம், அப்பாயி சத்தம் போடும்" என்றார்.

அந்த மேசையிலிருந்து படிக்கட்டுக்கு முப்பது அடி இருக்கலாம். அப்பா அதை அடிக்கடி நடந்தார். படியில் உட்கார்ந்தவரை இந்தப் பக்கம் மேசைக்கு வரச் சொல்ல மட்டும் அப்பாவால் முடியவில்லை. கடைசிவரைக்கும் முடியவில்லை. இதை நான் அப்பாவைக் குறைத்துச் சொல்வதாகச் சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

எங்கள் ஊர் சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர். தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாபசிம்மர் மனைவி யமுனாம்பாள் பெயரில் யமுனாம்பாள்புரம் என்று வழங்கிய ஊர் இது. சந்தானராமர் கோயிலும் பிரதாபசிம்மர் கட்டியதுதான். யமுனாம்பாள் பெயரிலேயே வழிப்போக்கர்களுக்குச் சத்திரமும் இருந்தது. வழிநடைக்காரனுக்கு இலை போட்ட மண் என்று கோயில் திருவிழா மேடையில் யாராவது ஒருவர் பெருமையாகச் சொல்வார். இதே மண்ணில் 1937 டிசம்பர் 28ஆம் தேதி தென்தஞ்சை காங்கிரஸ் மாநாடு நடந்தது. அங்கே எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட உழவர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்கவைத்தார்கள். 'விடுதலை'யும் சுயமரியாதை இயக்கத்தாரும் அதை விடாமல் எழுதினார்கள். ஆ. திருநீலகண்டன் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அதை மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாயிக்கு அப்போது விவரம் தெரிந்த வயது. ஒருதரம் கேட்டேன். "அதெல்லாம் என்னாத்துக்கு இப்ப" என்று வெற்றிலையை மடித்தாள்.

வீட்டிலிருந்து சோறு கட்டிப்போவது எப்போதுமே காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்று சொல்ல முடியாது. தென்னிந்திய ரயில்வேயின் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது 1941இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர், அடுத்தவன் கைபட்டதைத் தின்னக்கூடாது என்பதற்காகவே கட்டுச்சோற்றோடு ரயிலேறினார்கள். ஆபீஸ் மேசையில் கொத்சும் வத்தக்குழம்பும் கைமாறியதை நான் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அந்தக் கைமாற்றுக்கும் ஒரு எல்லை இருந்தது. அது பின்கட்டுக் கதவோடு நின்றது. அந்தக் கதவைத் தாண்டிப் போனது எங்கள் வீட்டு அடித்தட்டு ஒன்றுதான், அதுவும் மீனுக்கு ஆசைப்பட்டு.

நாங்கள் வீடு திரும்ப ராத்திரி ஏழு மணி. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கொல்லையில் பாத்திரம் துலக்கும் இடத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். அடித்தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். விளிம்பு மடிப்பில் மெல்லிசாக ஒரு சிவப்பு.

"இது எங்க வீட்டு மொளவாத்தூள் இல்ல."

நான் சும்மா நின்றேன்.

"ரொம்ப நாளாவே பாக்குறேன். வாரத்துல ரெண்டு நாளு மூணு நாளு. மண்ணுல தேச்சிருக்காரு பாரு, தட்டெல்லாம் கீறல். எவர்சில்வர மண்ணுல தேப்பாங்களா? யாரு வூட்டு மீனு?"

சொல்லிவிட்டேன். படிக்கட்டு, தூக்கு, கெண்டை, அவர் துண்டால் தட்டிவிட்டது, எல்லாவற்றையும். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய உருளைக்கிழங்கை அப்பா தூக்கிக் கொடுத்ததைச் சொன்னபோது மட்டும் முகம் லேசாக மாறியது. தட்டைச் சாம்பல் போட்டு இரண்டாம் முறை துலக்கிக் கவிழ்த்தாள்.

"கொழம்புல மாங்கா கெடந்துச்சா?"

"ஆமா. கொட்டையோட."

"பூண்டு?"

"தெரியலம்மா."

"முழுப் பூண்டாத்தான் போட்டிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெளுத்தி வந்தது. அம்மா ஒட்டு மாங்காய் போட்டு, பூண்டை முழுசாகப் போட்டு, வழக்கத்தைவிடப் பெரிய சட்டியில் குழம்பு வைத்தாள். ராத்திரி சாப்பாடு முடிந்தும் கால் சட்டி இருந்தது. மீன்குழம்புக்கு மறுநாள்தான் ருசி என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை தாம்பாளத்தில் சோறு கூடுதலாகக் கொட்டிக் கிடந்தது. விசிறிக் கை வலித்தது எனக்கு. அம்மா அடித்தட்டில் சோற்றை அழுத்தி வைத்தாள். இரவல் வாங்கிய தட்டை அவள் இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அதை எங்கள் கேரியரோடு சேர்த்து மாட்டினால் கம்பி எட்டாது. ஆகையால் அதைத் தனியாக வைத்து, குழம்பு ஊற்றி, ஏழெட்டு மீன் போட்டு, வாழையிலையை அனலில் வாட்டி மேலே கட்டி, மூடி போட்டு, துணியில் முடிந்தாள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து முடிச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன்.

"கொழம்பு, சிந்தாமக் கொண்டு போங்க. ரெண்டு பேருக்குத் தாராளமாக் காணும்" என்றாள் அம்மா.

திண்ணையிலிருந்து அப்பாயி மூக்கை உறிஞ்சினாள். "என்னாடி காலங்காத்தால கவிச்சி அடிக்குது?"

"வத்தக்கொழம்பு அத்த. நேத்து மீன் சட்டியிலயே வெச்சிட்டேன்."